எண்ணெய் வைத்தால் அரப்பும் தேய்க்க வேண்டும்: மிதிவண்டியில் ஒட்டிய பசையை எடுக்கும் வழி

புது மிதிவண்டி வீட்டுக்கு வந்த அன்றே இந்தத் தொல்லை தொடங்கிவிடுகிறது. மட்கார்டில் விலைச்சீட்டு, சட்டத்தில் எச்சரிக்கைச் சீட்டு, பின்பக்கம் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர், ஹேண்டில் பாரில் பிரேக் கம்பியைச் சேர்த்துச் சுற்றிய இன்சுலேஷன் டேப். மேலே இருக்கும் காகிதத்தை நகத்தால் உரித்துவிடலாம். அடியில் இருக்கும் பசை அசையாது. நான்கு நாள் போனால் அதில் தூசி படிந்து கறுத்த திட்டாகிவிடும். பிறகு வேட்டியிலோ பள்ளிச் சீருடையிலோ இழுவிக்கொள்ளும்.

பழைய வண்டி வாங்கியவர் பாடு இன்னும் மோசம். முன்பு வைத்திருந்தவர் ஒட்டிய சாமி படமும் நடிகர் முகமும் பல கோடைகளைப் பார்த்துக் காய்ந்து, உரிக்க உரிக்கப் பொடிப்பொடியாக உதிரும். மூக்கு வரும், நெற்றி வராது.

இந்த வேலையில் முதல்முறை கை வைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பசையை எடுப்பது கடினமில்லை. வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயே பாதி வேலையைச் செய்துவிடும். மீதிப் பாதியைத்தான் பலர் செய்வதில்லை. நானும் ஒருமுறை செய்யவில்லை. அதன் விளைவை ஏற்காட்டு மலைப்பாதையில் பார்த்தேன்.

பயன்படுத்திய கியர் வண்டி ஒன்றை வாங்கியிருந்தேன். இரண்டு ரிம்மிலும் சுற்றிலும் ஒளிரும் பட்டைகளை ஒட்டி வைத்திருந்தார் பழைய உரிமையாளர். பாதி கிழிந்து பாதி பசையாய்ப் பார்க்கச் சகிக்கவில்லை. சனிக்கிழமை மாலை உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவைத்து, பழைய துணியால் தேய்த்து எடுத்தேன். ரிம் பளபளத்தது. உலர்ந்த துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, மனநிறைவோடு தூங்கப் போனேன்.

ஞாயிறு காலை சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பி ஏற்காட்டுக்கு ஏறினேன். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை. அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஏரிக்கரையில் தேநீர் குடித்துவிட்டு இறங்கத் தொடங்கினேன். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து இரண்டாவது வளைவில் பிரேக்கைப் பிடித்தேன். பிடி கைக்குள் வந்தது, வண்டி நிற்கவில்லை. மலைச்சுவர்ப் பக்கத்து மண்ணில் இறக்கி, இரண்டு காலையும் தேய்த்து, ஒரு வழியாக நிறுத்தினேன். செருப்பு ஒன்று பிய்ந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. மீதி வளைவுகள் அத்தனையையும் வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன். சுற்றுலா வந்த கார்க்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

கீழே வந்து பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். ரிம்மை விரலால் தடவி, விரலைக் கட்டைவிரலோடு உரசிப் பார்த்தார். "எண்ணெய் வைத்தீர்கள், சரி. அரப்பு போட்டீர்களா தம்பி?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். பிரேக் கட்டை உரசும் ரிம்மில் எண்ணெய் தங்கியிருந்தது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டவர் யாரும் அப்படியே சட்டை போட்டுக்கொண்டு வெளியே கிளம்புவதில்லை. அரப்போ சீயக்காயோ தேய்த்து, தண்ணீர் ஊற்றி, துவட்டிக்கொண்டுதான் வருவார்கள். மிதிவண்டிக்கும் அதே முறைதான். பசையைக் கரைக்க ஒரு பொருள். அந்தப் பொருளைக் கழுவ இன்னொரு பொருள். கடைசியாக ஒரு துடைப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு குளியல்.

முதலில், ஒட்டியிருப்பது என்ன பசை?

பசை என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒரே சாதி இல்லை. இதைப் பார்க்காமல் கையில் கிடைத்ததை ஊற்றுவதால்தான் பாதிப் பேருடைய பெயின்ட் போகிறது.

காகிதச் சீட்டில் தடவிய மாவுப் பசை முதல் வகை. ஜவ்வரிசி ஆலைகளுக்கு நடுவில் வாழும் சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரவள்ளி ஸ்டார்ச்சைக் காய்ச்சினால் கிடைக்கும் அதே பசை. சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் வாளியில் இருப்பதும் இதன் உறவுதான். தண்ணீருக்குப் பணிந்துவிடும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையும் வெந்நீரில் ஊறி வெளுத்து, மெத்தென்று ஆகிவிடும். இவற்றுக்கு எண்ணெயை எடுப்பது வீண். எண்ணெயில் இவை கரையா.

ஸ்டிக்கர், செலோ டேப், இன்சுலேஷன் டேப், ஹேண்டில் பாரில் சுற்றும் பட்டை ஆகியவற்றில் இருப்பது இரண்டாவது வகை. ரப்பரும் பிசினும் கலந்தது, அல்லது அக்ரிலிக். அழுத்தினால் ஒட்டும், என்றைக்கும் முழுதாகக் காயாது. தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடும். எண்ணெய் இதைத்தான் வெல்லும், அதிலும் ரப்பர் கலந்ததை எளிதில் வெல்லும். பலாப்பழம் வெட்டுகிறவர் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்போம். பலாப் பாலும் ரப்பர்த் தன்மை உடையது. எண்ணெய் அதற்குள் ஊறி அதன் பிடியைத் தளர்த்துகிறது. மிதிவண்டியில் நாம் சந்திக்கும் தொல்லையில் பெரும்பகுதி இந்த வகைதான். இக்கட்டுரையும் பெரும்பாலும் இதைப் பற்றியதே.

மூன்றாவது வகை, ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையும் எம்-சீல் போன்ற இரண்டு பொருள் கலந்து பிசையும் பசையும். உடனடிப் பசையை அசிட்டோன் கரைக்கும். ஆனால் பசைக்கு முன்னால் பெயின்ட்டையும் கரைத்துவிடும். இறுகிப்போன எம்-சீலை வீட்டிலிருக்கும் எந்தத் திரவமும் கரைக்காது. அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும், அல்லது அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். நான் விட்டுவிடுவேன்.

எந்த வகை என்று தெரியவில்லையா? ஒரு சொட்டு வெந்நீர் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். வெளுத்து உப்பினால் முதல் வகை. தண்ணீர் உருண்டு, விரலில் பிசுபிசுத்தால் இரண்டாவது. கல்போல் இருந்தால் மூன்றாவது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயர் எழுதிய எழுத்துகளின் ஓரத்தை நகத்தால் வருடுங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் அது மேலே ஒட்டிய ஸ்டிக்கர், எடுக்கலாம். தட்டுப்படாவிட்டால் அது வார்னிஷுக்கு அடியில் இருக்கிறது. மேல்பூச்சைச் சுரண்டாமல் வராது. பெயரைத் தொடாதீர்கள்.

தேவையானவை

தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய், இரண்டு தேக்கரண்டி போதும். பாத்திரம் துலக்கும் திரவம். வெந்நீர். மருந்துக் கடையில், ஊசி போடுமுன் தோலைத் துடைப்பதற்கு விற்கும் ஸ்பிரிட். சீட்டைப் படித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று போட்டதாக வாங்குங்கள். அதில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு உலர விடுங்கள். கறை எதுவும் நிற்கக் கூடாது. கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் மீந்திருக்கும் சானிடைசர் இதற்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனம் தந்த செய்முறையிலேயே கை வறண்டு போகாமலிருக்க 1.45 சதவீதம் கிளிசரால் உண்டு. அது கைக்கு நல்லது, ரிம்முக்கு ஆகாது.

சுரண்டுவதற்குக் காலாவதியான ஏ.டி.எம். அட்டை அல்லது ஐஸ் குச்சி. பிளேடு, கத்தி, ஸ்குரூ டிரைவர் வேண்டாம். துடைக்க, மெக்கானிக் கடைகளில் வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் மிக நன்று. கிடைக்காவிட்டால் பழைய பனியன். குறைந்தது மூன்று துண்டுகள் தனித்தனியாக இருக்கட்டும்: எண்ணெய்க்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று, ஸ்பிரிட்டுக்கு ஒன்று. ஒரே துணியால் மூன்றையும் செய்தால் எடுத்த எண்ணெயைத் திரும்ப அங்கேயே பூசுவீர்கள்.

நீலகிரித் தைலம் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். தேங்காய் எண்ணெய்க்கு அசையாத பழைய பசைக்கு அது அருமையாக வேலை செய்யும். ஏற்காட்டுக் கடைகளிலும் கிடைக்கும். பிளாஸ்டிக்கில் மட்டும் எச்சரிக்கை. சில வகை பிளாஸ்டிக்கை அது மங்கவைத்துவிடும்.

ஏற்காடு என்றதும் ஆரஞ்சு நினைவுக்கு வருகிறது. கடைகளில் பசை நீக்கி என்று விற்கும் பல திரவங்களில் ஆரஞ்சு மணம் வீசுவது வெறும் வாசனைக்காக அல்ல. ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனின் என்ற எண்ணெய் ரப்பரைக் கரைக்கும். தோலை மடக்கி ஊதிய பலூன்மேல் பீய்ச்சினால் பலூன் வெடித்துவிடும்; பிள்ளைகளுக்குக் காட்டலாம். சிறிய விலைச்சீட்டுப் பசைக்கு நான்கைந்து தோல்களைப் பிழிந்து தேய்த்துப் பார்த்திருக்கிறேன். வேலை செய்தது. ஆனால் பழம் தின்ற மகிழ்ச்சியே அதில் பெரிது.

எடுக்கும் முறை

வண்டியை முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடையுங்கள். மணல் துகள் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால் அது உப்புத்தாள் ஆகிவிடும். பசை போகும், கூடவே பெயின்ட்டின் பளபளப்பும் போகும். பிறகு கண்ணில் படாத ஓர் இடத்தில், சீட்டுக்கு அடியிலோ பெடல் அச்சுக்குக் கீழேயோ, நீங்கள் பயன்படுத்தப்போகும் திரவத்தை ஒரு சொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தத் திரவத்தை மறந்துவிடுங்கள்.

அடுத்தது ஒத்தடம். முழங்கால் வலிக்குக் கொடுப்பதுபோலவே, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஸ்டிக்கர்மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுங்கள். சூட்டில் பசை இளகும். ஸ்டிக்கரின் ஒரு முனையை நகத்தால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், ஸ்டிக்கரின் மேலேயே மடித்துப் படுக்கைவாட்டில் மெதுவாக இழுத்தால் பசையையும் பெரும்பாலும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் காகிதம் மட்டும் கையில் மிஞ்சும். முடி உலர்த்தி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். புறங்கையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கை தாங்கும் சூடுதான் பெயின்ட்டும் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப இது மாறும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வண்டியை வாசலில் இருபது நிமிடம் நிறுத்தினாலே போதும், ஒத்தடத்தை வெயிலே கொடுத்துவிடும். அதற்குமேல் விட்டால் பசை மிகவும் இளகி, நூல் நூலாக இழுத்துக்கொண்டு, ஸ்டிக்கரோடு வராமல் சட்டத்திலேயே தங்கிவிடும். மார்கழியில் ஏற்காட்டில் இருக்கிறவர்களுக்கு இதற்கு நேர்மாறு. குளிரில் பசை இறுகிக் கிடக்கும். ஒத்தடத்தை ஐந்தாறு முறை மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

காகிதம் போனபின் மிஞ்சிய பசையை முதலில் எண்ணெய் இல்லாமலே எடுத்துப் பாருங்கள். கட்டைவிரலால் ஒரே திசையில் உருட்டினால் சிறு உருண்டைகளாகத் திரண்டு வரும். அகலமான பேக்கிங் டேப்பில் ஒரு துண்டு வெட்டி, ஒட்டும் பக்கத்தைப் பசைமேல் அழுத்தி, படக்கென்று எடுங்கள். பத்துப் பதினைந்து முறை செய்தால் பெரும்பகுதி அதோடு போய்விடும். முள்ளை முள்ளால் எடுப்பதுபோல. பிரேக்குக்கு அருகில் வேலை என்றால் இந்த முறையில்தான் முடிந்தவரை போக வேண்டும்.

அதற்கும் வராததற்கு எண்ணெய். பஞ்சில் நனைத்து, பசைமேல் மட்டும் பூசி, பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பூசிய உடனே தேய்க்கத் தொடங்குவது எல்லோரும் செய்யும் தவறு. எண்ணெய் ஊறி இறங்க நேரம் வேண்டும். பத்து வருடப் பழைய பசையென்றால் மேலே ஒரு பாலித்தீன் தாளைப் போட்டு இரவு முழுவதும் விட்டாலும் தவறில்லை. பிறகு அட்டையைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளினால் வெண்ணெய்போல் வழுக்கி வரும். அசைய மறுக்கும் திட்டுக்கு, சமையல் சோடாவை எண்ணெயில் குழைத்து விரலால் மெல்லத் தேய்க்கலாம். வெறும் உலோகத்துக்கு மட்டும்தான் இது. பளபளக்கும் பெயின்ட்டில் சோடா மெல்லிய கீறலை விட்டுவிடும்.

இப்போது அரப்பு. வெந்நீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்து, இரண்டாவது துணியால் அந்த இடத்தை நன்றாகக் கழுவுங்கள். ஒருமுறை போதாது, இரண்டு முறை. விரலை வைத்து இழுத்தால் கிறீச்சென்று சத்தம் வர வேண்டும். துடைத்து உலரவிட்டபின், மூன்றாவது துணியில் ஸ்பிரிட்டை நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் எண்ணெய் நகர்ந்துகொண்டே இருக்குமே தவிரப் போகாது. துணியின் பக்கத்தை மாற்றி இன்னொரு முறை.

பிசுபிசுப்புப் போய்விட்டது என்பதும் பிசுக்குப் போய்விட்டது என்பதும் ஒன்றல்ல. முதலாவது பசை, இரண்டாவது எண்ணெய். கண்ணுக்கு இரண்டும் தெரியாமல் போகலாம். ரிம் போன்ற வெறும் உலோகத்தில் சரிபார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமான தண்ணீரை அதன்மேல் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே தாளாகப் பரவி நின்றால் சுத்தம். அங்கங்கே விலகி முத்துக்கட்டினால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. சோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மெழுகுப் பாலிஷ் போட்ட சட்டத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே தண்ணீர் எப்படியும் முத்துக்கட்டும்.

எந்தப் பாகத்துக்கு என்ன?

சட்டம், மட்கார்டு, கேரியர், செயின் மூடி: மேலே சொன்ன முறை அப்படியே செல்லும். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டியானாலும் லட்ச ரூபாய் வண்டியானாலும் பெயின்ட் பெயின்ட்தான். கார்பன் சட்டமாக இருந்தால் முடி உலர்த்தி வேண்டாம், சுரண்டல் வேண்டாம். ஒத்தடம், எண்ணெய், சோப்பு, ஸ்பிரிட் போதும்.

ரிம்மின் உள்பக்கம்: டியூபைக் காக்கச் சுற்றியிருக்கும் பட்டையை மாற்றும்போது அடியில் பசை மிஞ்சும். கடைசித் துடைப்பு ஸ்பிரிட்டாக இல்லாவிட்டால் புதுப் பட்டை ஒட்டாமல் நகர்ந்து, ஸ்போக் துளை தெரிந்து, டியூப் பஞ்சராகும். அங்கே தங்கிய எண்ணெயால் டியூப் ரப்பரே உப்பிக் கெடும் என்பது கூடுதல் காரணம்.

ரிம்மின் வெளிப்பக்கம், அதாவது பிரேக் கட்டை உரசும் இடம்: என் கதை உங்களுக்கு வேண்டாமென்றால் இங்கே எண்ணெயைக் கொண்டுபோகாதீர்கள். டேப்பால் ஒற்றி எடுத்தல், ஒத்தடம், பிறகு ஸ்பிரிட். அக்ரிலிக் பசை ஸ்பிரிட்டுக்கே இளகிவிடும், கொஞ்சம் பொறுமை வேண்டும். எண்ணெய் தவறிப் பட்டுவிட்டால், பிரேக் கட்டையையும் கழற்றி, அதன் முகத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டுங்கள். ரிம்மை மட்டும் சுத்தம் செய்து கட்டையை விட்டுவிட்டால், கட்டை குடித்த எண்ணெயை ரிம்முக்குத் திருப்பித் தரும். என் வண்டியில் அந்த மெக்கானிக் செய்த வேலை இதுதான். செய்து முடித்ததும் சமதளத் தெருவில் மெதுவாக ஓட்டி, பத்துப் பன்னிரண்டு முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். மலை அதற்குப் பிறகு.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டியா? சக்கரத்தைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கழற்றத் தெரியாவிட்டால் டிஸ்க்கையும் அதன் பிடிப்பானையும் பாலித்தீன் பை போட்டுக் கட்டிவிடுங்கள். குறிப்பாக டபிள்யூடி-40 போன்று எண்ணெயைப் பீய்ச்சும் டப்பாக்களை அதன் பக்கத்தில் எடுக்கவே கூடாது. மூடுபனிபோல் பறந்து படியும். டிஸ்க்கில் பட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம். உள்ளிருக்கும் பிரேக் பேட் எண்ணெய் குடித்துவிட்டால் பெரும்பாலும் புதிது வாங்குவதுதான் வழி.

விளக்கின் முகப்பும் பிரதிபலிப்பானும் பிளாஸ்டிக். அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி, தின்னர் மூன்றும் தொடக் கூடாது. நொடியில் பால்போல் வெளுத்து, நுண்ணிய வெடிப்பு விடும். அதைத் திருப்ப முடியாது. சோப்புத் தண்ணீர் ஒத்தடம், தேங்காய் எண்ணெய், மறுபடி சோப்பு. பிரதிபலிப்பானை ஒட்டிய தடித்த நுரை டேப் வரவில்லை என்றால், தூண்டில் நரம்பை அடியில் கொடுத்து இரண்டு கையாலும் ரம்பம்போல் இழுத்து அறுங்கள். நரம்பு பெயின்ட்டைக் கீறாது.

டயர், டியூப் இரண்டிலும் எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. காய்ந்த பஞ்சர் சொல்யூஷனைக் கட்டைவிரலால் உருட்டினாலே வந்துவிடும்.

கிரிப்பே பிசுபிசுத்தால்

இது வேறு கதை. ஒன்றும் ஒட்டாமலேயே ஹேண்டில் பார் கிரிப் ஒட்டத் தொடங்கும். கையை எடுத்தால் உள்ளங்கை கறுத்திருக்கும். மேலே ஏதோ படிந்திருக்கிறது என்று நினைத்து எண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள், இன்னும் மோசமாகும். அந்தப் பிசுபிசுப்பு வெளியிலிருந்து வந்ததல்ல. கிரிப்பை மென்மையாக வைப்பதற்காகச் சேர்த்த பொருள் வெயிலிலும் வியர்வையிலும் கசிந்து மேலே வருகிறது, அல்லது மென்பூச்சு சிதைகிறது. இன்சுலேஷன் டேப் கோடையில் ஒழுகுவதற்கும் இதே காரணம்.

சோப்பால் கழுவி, ஸ்பிரிட் நனைத்த துணியால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தித் துடையுங்கள். துணி கறுக்கும், பயப்பட வேண்டாம். உலர்ந்ததும் முகப் பவுடர் கொஞ்சம் தூவித் தடவுங்கள். சில மாதம் தாங்கும். மறுபடி வந்தால் கிரிப்பை மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. பழையதைக் கழற்ற, ஓரத்தில் பழைய ஸ்போக் கம்பி ஒன்றைச் செருகி, இடுக்கில் ஸ்பிரிட்டை விட்டுத் திருகினால் வழுக்கி வரும். புதியதை மாட்டவும் அதே ஸ்பிரிட். அது ஆவியாகிப் போனதும் கிரிப் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எளிதாக ஏறுகிறது என்று உள்ளே எண்ணெயோ சோப்போ தடவினால் ஓட்டும்போது கிரிப் கையோடு சுழலும். கொண்டை ஊசி வளைவில் அதுவும் வேண்டாம்.

பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய்

"பெட்ரோல் ஊற்றித் துடை, ஒரு நிமிட வேலை" என்று அறிவுரை சொல்ல எல்லாத் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். பசை போகும் என்பது உண்மை. ஒரு பழுதுபார்க்கும் கடையில் என் அண்ணன் மகனின் சிவப்பு வண்டியில் விலைச்சீட்டை எடுக்கத் தின்னரைப் பயன்படுத்தினார்கள். சீட்டு போனது, அதே அளவில் சிவப்பும் போனது. பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதைவிடப் பெரிய கவலை தீ. பெட்ரோல் ஆவி உறைகுளிரிலும் பற்றக்கூடியது. மண்ணெண்ணெய் அந்த அளவுக்கு ஆபத்தானதல்ல. அதன் ஆவி பற்றுவதற்கு 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆனால் சேலத்து மே மாத மதியம் 40 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். பெயின்ட் இல்லாத அலுமினிய ஹேண்டில் பாரில் பட்டைப் பசை கெட்டியாக நின்றால் மட்டும் நான் மண்ணெண்ணெயை எடுப்பேன். அதுவும் மாலையில், திறந்த வாசலில். ஸ்பிரிட்டும் எளிதில் பற்றும். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நனைந்த துணிகளைச் சுருட்டிச் சமையலறைக் குப்பையில் போடாமல், வெளியே கொடியில் விரித்து உலரவிட்டபின் போடுங்கள். மீந்த மண்ணெண்ணெயைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாதீர்கள். மூடி வைத்தால் அழுக்கு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை அடுத்த முறை பயன்படுத்தலாம்.

அலுமினியத்தில் சலவைச் சோடா, கழிப்பறை கழுவும் அமிலம் போன்றவற்றைச் சிலர் முயல்கிறார்கள். பசை போகாது, அலுமினியம் கறுத்துப்போகும்.

எல்லாம் முடிந்தபிறகும், ஸ்டிக்கர் இருந்த இடம் சதுரமாகத் தனித்துத் தெரிந்தால் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். அது பசை இல்லை. சுற்றியிருக்கும் பெயின்ட் வெயிலில் வெளுத்துவிட்டது. ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் வாங்கிய நாளின் நிறத்தில் இருக்கிறது. கார் பாலிஷ் போட்டுச் சுற்றிலும் தேய்த்தால் வித்தியாசம் கொஞ்சம் குறையும். என் வண்டியின் மேல்குழாயில் ஒரு முருகன் படம் இருந்த இடம் இன்னும் வேல் வடிவத்தில் அடர் நீலமாகத் தெரிகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.